நோயில்லாப் பள்ளிக்கு வெளியே ஒரு பெஞ்சு

அந்தப் பள்ளிக்கூடத்தில் யாருக்கும் உடம்புக்கு வருவதில்லை. தலைவலி வராது, வயிற்றுவலி வராது, வாந்தி என்ற பேச்சுக்கே இடமில்லை. 'நோயில்லாப் பள்ளி' என்ற சுழற்கேடயத்தை மூன்று வருஷமாகத் தொடர்ந்து வாங்கி, அதைச் சுழலவே விடாமல் பிடித்து வைத்திருக்கும் பள்ளி அது. கேடயம் தலைமையாசிரியையின் அறையில், கண்ணாடிப் பெட்டிக்குள், தனி விளக்கு வெளிச்சத்தில் இருந்தது. வகுப்பறைகளில் அந்த அளவுக்கு வெளிச்சம் கிடையாது. ஆனால் பிள்ளைகளைப் பார்க்க மேலிடத்திலிருந்து யாரும் வருவதில்லையே.

பட்டாணியின் அப்பா அந்தக் கேடயத்தைப் பார்த்துத்தான் ஏமாந்தார். ஃபிரிட்ஜ் மெக்கானிக் அவர். பிசுக்கு பிடித்த சமையலறைகளையே நாள் முழுக்கப் பார்க்கிற மனுஷனுக்கு அந்தப் பள்ளியின் பளபளப்பு கண்ணைக் கட்டிவிட்டது. 'நோயே இல்லை என்றால் நல்ல சுத்தமான இடமாகத்தான் இருக்கும்' என்று நம்பி மகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். பட்டாணி என்பது வீட்டுப் பேர். பிறந்தபோது அவ்வளவுதான் இருந்தாள். இப்போது நாலாம் வகுப்பு. அவளுக்கு இளைப்பு உண்டு. தூசி, புகை, பெயிண்ட் வாசனை, குளிர்காற்று, இதில் ஏதாவது ஒன்று போதும், நெஞ்சுக்குள் விசில் அடிக்க ஆரம்பித்துவிடும்.

டாக்டர் ஒரு இன்ஹேலரைக் கொடுத்துத் தெளிவாகச் சொல்லியிருந்தார். "இது எப்பவும் அவ கைக்கெட்டற தூரத்துல இருக்கணும். பையிலேயே போட்டு அனுப்புங்க. மூச்சு வாங்கினா உடனே உறிஞ்சணும். அப்புறம் பாத்துக்கலாம்கற கதையே கூடாது."

பையிலேயே போட்டு அனுப்பினார். அன்று மத்தியானமே பள்ளியிலிருந்து போன் வந்தது. ஐஸ்கிரீம் கடையில் ஒரு ஃப்ரீஸரைக் கழற்றிப் பரப்பிவைத்திருந்த நேரம்.

"உங்க பொண்ணு பையிலேர்ந்து மருந்து பிடிச்சிருக்கோம்" என்றது ஒரு பெண் குரல். கத்தி துப்பாக்கி பிடித்திருந்தால்கூட இவ்வளவு நடுக்கம் இருந்திருக்காது. "உடனே புறப்பட்டு வாங்க."

போன் செய்தவர் நலவாழ்வு மிஸ். முன்பு டிராயிங் மிஸ்ஸாக இருந்தவர். படிப்புக்கு உதவாது என்று டிராயிங்கை எடுத்துவிட்ட பிறகு, ஆளைச் சும்மா வைத்திருக்க வேண்டாமே என்று நலவாழ்வைக் கொடுத்துவிட்டார்கள். நலவாழ்வு அறைச் சுவரில் அவர் வரைந்திருந்த நுரையீரல் அத்தனை அழகு. பக்கத்தில் ஒரு கட்டில். மெத்தையில் கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது.

"உறையை எடுக்கலையா மேடம்?" என்று கேட்டார் அப்பா.

"எடுத்தா யாராவது படுத்துடுவாங்க சார்" என்றார் மிஸ். "படுத்தா அழுக்காயிடும்ல?"

இன்ஹேலர் ஏற்கெனவே மருந்து அலமாரிக்குள் போய்விட்டிருந்தது. அலமாரியின் சாவி தலைமையாசிரியையிடம். ஆகவே அப்பாவையும் அங்கே அழைத்துப் போனார்கள். தலைமையாசிரியை கேடயத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வருகிறவர்கள் பார்வையில் முதலில் கேடயம் படவேண்டும் என்று நாற்காலியைச் சற்று ஒதுக்கிப் போட்டிருந்தார்.

"எங்களுக்குப் பிள்ளைங்களோட ஆரோக்கியம்தான் முக்கியம்" என்று தொடங்கினார். "அதனாலதான் நோயை நாங்க அனுமதிக்கறதில்லை. மத்த ஸ்கூல்ல என்ன பண்றாங்க? உடம்பு சரியில்லேன்னு வந்தா மருந்து குடுக்கறாங்க. மருந்து குடுத்தா என்ன அர்த்தம்? நோய் இருக்குன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகுது. நாங்க அந்தத் தப்பைச் செய்யறதில்லை. இது வரைக்கும் இந்த அலமாரியைத் திறந்து ஒரு மாத்திரை வெளியே எடுத்ததில்லை. மூணு வருஷமா ஒரே பூட்டு!"

"மருந்து குடுக்கறதுக்கில்லேன்னா அலமாரி எதுக்கு மேடம்?"

"அலமாரி இல்லாத ஸ்கூலுக்குக் கேடயம் குடுக்க மாட்டாங்க" என்றார் தலைமையாசிரியை, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல.

"சரிங்க, என் பொண்ணுக்கு மூச்சு வாங்கினா?"

அந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்ததுபோல அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். "இப்படி வாங்க. நல்ல நேரத்துல வந்திருக்கீங்க."

ஜன்னலுக்குக் கீழே மைதானம். ஆயா ஒருத்தி மழலையர் வகுப்புக் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு கேட்டை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள். குழந்தையின் வாயைக் கையால் பொத்தியிருந்தாள். "அடக்கிக்கோ கண்ணு, அடக்கிக்கோ, இதோ கேட்டு வந்துடுச்சு!" வாட்ச்மேன் தயாராகத் திறந்து வைத்திருந்தார். கேட்டைத் தாண்டிய அடுத்த அடியில் ஆயா கையை எடுத்தாள். குழந்தை ரோட்டோரத்தில் வாந்தி எடுத்தது. வாட்ச்மேன் குழந்தையை அங்கிருந்த சிமெண்ட் பெஞ்சில் உட்கார வைத்தார்.

"பாத்தீங்களா?" தலைமையாசிரியையின் முகத்தில் பெருமை வழிந்தது. "வெளியே! வளாகத்துக்குள்ள வர்ற நோயைத்தான் கணக்குல எடுப்பாங்க. ரோட்டுல யாராவது வாந்தி எடுத்தா அதுக்குப் பள்ளிக்கூடம் என்ன பண்ணும்? அது பொதுமக்கள் நோய்."

அப்பாவுக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்யாமல், வந்த காரியத்தைப் பார்ப்போம் என்று கேட்டார். "அப்ப இவளுக்கு மூச்சு வாங்கினா அந்தப் பெஞ்சுக்குக் கூட்டிட்டுப் போவீங்க. சரி. மருந்தையும் கூடவே எடுத்துட்டுப் போயிடுங்க."

தலைமையாசிரியையும் மிஸ்ஸும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பள்ளிக்குள்ள வந்த மருந்து பள்ளியோட பொறுப்பு" என்றார் தலைமையாசிரியை. "அது கேட்டைத் தாண்டக் கூடாது. பாதுகாப்பு விதி."

"பொண்ணு உள்ளே இருக்கக் கூடாது."

"நோயோட இருக்கக் கூடாது."

"மருந்து வெளியே போகக் கூடாது."

"கூடவே கூடாது."

"அப்ப ரெண்டும் எங்கே சேரும் மேடம்?"

"அதுக்குத்தான் பெற்றோர்னு ஒருத்தர் இருக்காங்க" என்றார் தலைமையாசிரியை.

அப்பா இன்ஹேலரைத் திருப்பிக் கேட்டார். உள்ளே வந்தது வெளியே போகாது என்றார்கள். இன்னொன்று வாங்கி வாட்ச்மேனிடம் கொடுத்து வைக்கிறேன் என்றார். வாட்ச்மேன் மருந்து வைத்திருந்தால் அது அனுமதியில்லாத மருந்துக் கடையாகிவிடும் என்றார்கள். பெஞ்சுக்குப் பக்கத்தில் மரத்தில் ஒரு பையில் கட்டித் தொங்கவிடட்டுமா என்று கேட்டபோது, மரம் யாருடைய நிர்வாகத்தில் வருகிறது என்று தெரியாததால் பதில் சொல்ல முடியாது என்றார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே டாக்டர் கொடுத்த மருந்துக்குப் பூட்டு போட டிராயிங் மிஸ் ஒருவரே போதுமானவராக இருந்தார்.

அன்றுமுதல் அப்பா சட்டைப் பையில் இன்னொரு இன்ஹேலரோடு திரிந்தார். போன் வரும். "சார், உங்க பொண்ணு வெளியே உக்காந்திருக்கா" என்பார் வாட்ச்மேன். ஏன் என்று சொல்ல அவருக்கு அனுமதியில்லை. கையில் இருக்கிற வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு பைக்கை எடுப்பார். ஒவ்வொரு சிக்னலிலும் அவருக்கே மூச்சு முட்டும். பெஞ்சில் பட்டாணி முன்னால் குனிந்து, இரண்டு கைகளையும் முட்டிமேல் ஊன்றி, தோள் ஏறி இறங்க உட்கார்ந்திருப்பாள். மருந்தை உறிஞ்சுவாள். சுவருக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில், அவளுடைய இன்னொரு இன்ஹேலர் பூட்டிய அலமாரியில் பத்திரமாக இருக்கும். 

அவள் முடியாமல் வீட்டில் இருந்த நாட்களுக்கு லீவு லெட்டர் எழுதிக் கொடுத்தால் அதுவும் திரும்பி வந்தது. 'உடம்பு சரியில்லை' என்று எழுதக் கூடாதாம். 'குடும்ப நிகழ்ச்சி' என்று எழுத வேண்டுமாம். எழுதினார். மாதக் கடைசியில் வகுப்பு மிஸ் அம்மாவைக் கூப்பிட்டு, "உங்க வீட்டுல விசேஷம் ரொம்ப அதிகமா இருக்கே, படிப்பு கெடுதில்ல?" என்று கண்டித்தார்.

"நான் என்னங்க பதில் சொல்றது?" என்று அம்மா வீட்டுக்கு வந்து குமுறினாள். தையல் கம்பெனியில் நின்றுகொண்டே வேலை செய்து வீங்கிய காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். "ஜுரத்துல கெடந்த புள்ளையை வெச்சுக்கிட்டு எந்த விசேஷத்துல நான் பந்தி பரிமாறினேன்? வேற ஸ்கூல் பாருங்க."

பார்க்காமலா இருந்தார்? நடு வருஷத்தில் யாரும் சேர்த்துக்கொள்வதாக இல்லை. சேர்த்துக்கொள்ள யோசித்த ஒரே பள்ளியும் அடுத்த வருஷக் கேடயத்துக்கு முயற்சி செய்துகொண்டிருந்தது.

அப்பாவின் நச்சரிப்புத் தாங்காமல் 'மருந்து நிர்வாகக் குழு' கூடியது. தலைமையாசிரியை, நலவாழ்வு மிஸ், கணக்காளர், விளையாட்டு மாஸ்டர், பெற்றோர் பிரதிநிதி என்ற பேரில் ஒரு பெயிண்ட் கடைக்காரர். அப்பாவுக்குச் சுவரோரமாக ஒரு ஸ்டூல் கொடுத்தார்கள்.

நலவாழ்வு மிஸ்தான் வழி கண்டுபிடித்திருந்தார். கேட்டில் வாட்ச்மேன் எட்டிப் பார்ப்பதற்காக ஒரு சின்ன ஜன்னல் வெட்டியிருக்கிறது. பிள்ளை வெளியே நின்று அந்த ஜன்னல் வழியாகத் தலையை மட்டும் உள்ளே நீட்டினால், மருந்தை உள்ளேயே வைத்து வாயில் அடித்துவிடலாம். மருந்தும் வெளியே போகவில்லை, நோயும் உள்ளே வரவில்லை.

"தலை உள்ளே வருதே?" என்றார் பெயிண்ட் கடைக்காரர்.

"நோய் நெஞ்சுலதான சார் இருக்கு?" என்றார் மிஸ். "நெஞ்சு வெளியேதான் இருக்கும்."

சபையில் ஒரு பாராட்டு முணுமுணுப்பு எழுந்தது. கணக்காளர் மட்டும் கையைத் தூக்கினார். "ஒரு சந்தேகம். உள்ளே அடிக்கற மருந்து வெளியே இருக்கற நெஞ்சுக்குத்தான் போகுது. அப்ப மருந்து வளாகத்தை விட்டுப் போன மாதிரிதானே? உறிஞ்சின பிறகு அது மருந்தா, இல்ல பிள்ளையா?"

அதைப் பற்றியே சாயங்காலம்வரை பேசினார்கள். விளையாட்டு மாஸ்டர், பந்து காம்பவுண்டைத் தாண்டிப் போனாலும் அது பள்ளிப் பந்துதான் என்றார். கடைசியில், விழுங்கப்பட்டதும் உறிஞ்சப்பட்டதும் பிள்ளையைச் சேரும் என்று ஒருமனதாக முடிவானது. அப்பா இடையில் ஒரே ஒரு முறை வாயைத் திறந்தார். "இதுக்கு அவ பையிலேயே இருந்தா என்ன?" என்றார். குழு அவரை, நல்ல காரியம் நடக்கிற இடத்தில் தும்மியவனைப் போலப் பார்த்தது.

மறுநாள் ஒத்திகை. ஜன்னல் வாட்ச்மேன் உயரத்துக்கு வெட்டியது, பட்டாணிக்கு எட்டவில்லை. ஒரு முக்காலியைப் போட்டு ஏற்றினார்கள். அவள் தலையை நுழைத்தாள். வெளியே அப்பா அவள் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளேயிருந்து தலைமையாசிரியையின் குரல் கேட்டது: "இன்னும் கொஞ்சம்... போதும் போதும், தோள் வரக் கூடாது!" நல்ல வேளை, அன்றைக்கு அவளுக்கு இளைப்பு இல்லை. மருந்தைக் காட்டிவிட்டு உடனே அலமாரிக்குள் வைத்துவிட்டார்கள். தலையை வெளியே எடுக்கும்போது காது மாட்டிக்கொண்டது. ரோட்டில் போன ஒரு கூட்டம் நின்று வேடிக்கை பார்த்தது.

அவளை முக்காலியிலிருந்து தூக்கி இறக்கியபோது அப்பாவுக்கு அவமானமாக இருந்தது.  தன் பிள்ளையின் கழுத்தை ஒரு தகர ஓட்டையில் நுழைக்கச் சொன்னார்கள், தானும் காலைப் பிடித்துக்கொண்டு நின்றோமே என்ற அவமானம்.

"இனிமே இதைச் செய்ய வேணாம்டா" என்றார்.

"பரவாயில்லப்பா" என்றாள் பட்டாணி, காதைத் தேய்த்துக்கொண்டு. "நான் இப்பல்லாம் அடக்கிக்கறேன். மிஸ் சொல்லிக் குடுத்திருக்காங்க. இருமல் வந்தா எச்சிலை முழுங்கணும். எங்க கிளாஸ்ல எல்லாரும் முழுங்குவோம்."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கொஞ்ச நாளாக வாட்ச்மேனிடமிருந்து போன் வருவது குறைந்திருந்தது. மருந்து வேலை செய்கிறது என்று அவர் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார்.

நாலாவது முறையாகக் கேடயம் வழங்கும் நாள் வந்தது. பெற்றோர்களுக்கெல்லாம் அழைப்பு. விழாவுக்காக அரங்கம் முழுக்கப் புதுப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். எந்தக் கடைப் பெயிண்ட் என்று சொல்லத் தேவையில்லை. வாசலில் நுழையும்போதே கண் எரிந்தது. வெயில் உள்ளே வந்து, கேடயம் கொடுக்க வரும் அதிகாரியின் முகத்தில் அடிக்கக் கூடாது என்று ஜன்னல்களை மூடியிருந்தார்கள். பிள்ளைகள் முன்வரிசைகளில் கை கட்டி உட்கார்ந்திருந்தார்கள். குள்ளமாக இருப்பவர்கள் எல்லாருக்கும் முன்னால். பட்டாணி முதல் வரிசையில்.

மேலதிகாரி மைக்கைப் பிடித்தார். "நான் எத்தனையோ பள்ளிகளுக்குப் போயிருக்கேன். அங்கெல்லாம் ஒரே இருமல், தும்மல், மூக்குறிஞ்சல். இங்கே பாருங்க, என்ன ஒரு அமைதி! ஒரு குழந்தைகூட இருமவே இல்லை. இதுதான் ஆரோக்கியம். நோய்ங்கறது என்ன? ஒழுங்கீனம். ஒழுங்கா இருக்கற பிள்ளைக்கு நோய் எப்படி வரும்? எனக்கே சர்க்கரை இருக்கு, ரத்த அழுத்தம் இருக்கு, முட்டிவலி இருக்கு. ஆனா ஆபீஸ் நேரத்துல நான் அதைக் காட்டிக்கிட்டதே இல்லை."

பலத்த கைதட்டல். பின்வரிசையில் நின்ற அப்பா கைதட்டவில்லை. அவர் பார்வை முதல் வரிசையில் ஒரு முதுகின் மேல் இருந்தது. அந்தத் தோள்கள் ஏறி ஏறி இறங்கின. தலை கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் போனது. அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினார்.

பட்டாணியின் உதடு நிறம் மாறியிருந்தது. அவரைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தாள். வார்த்தை துண்டு துண்டாக வந்தது. "கேட்டுக்கு... வெளியே போய்... மூச்சு வாங்கிக்கறேன்பா."

நலவாழ்வு மிஸ் குனிந்தபடி ஓடி வந்தார். "சார், சீக்கிரம், பக்கத்து வாசல் வழியா தூக்கிட்டுப் போயிடுங்க. கேட்டைத் திறந்து வெச்சிருக்கோம்."

இன்ஹேலர் அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. தூக்கிக்கொண்டு ஓடினால் யாருக்கும் தெரியாமல் முடிந்துவிடும். அதைத்தானே இத்தனை நாளும் செய்தார். ஆனால் ஒரு வார்த்தை அவரைக் குத்திவிட்டது. மூச்சு வாங்க வெளியே போகிறேன் என்று பெற்ற பிள்ளை அவரிடம் சொல்கிறாள். பொங்கிவந்த ஆத்திரத்தில் அவர் அவளைத் தூக்கினார். வாசல் பக்கம் போகாமல், பக்கத்தில் இருந்த மேடைமேல் ஏறி, மைக்குக்குக் கீழே சப்பணம் போட்டு உட்கார்ந்து அவளை மடியில் வைத்துக்கொண்டார்.

"சார், இங்கே கூடாது!" தலைமையாசிரியை பாய்ந்து வந்தார். "வெளியே! வெளியே!"

"என் பொண்ணுக்கு இங்கேதான் உடம்பு சரியில்லை" என்றார் அப்பா. "இந்த இடத்துல. உங்க வளாகத்துக்குள்ள. நல்லா எழுதிக்கங்க."

மருந்தை அவள் வாயில் வைத்து அடித்தார். மைக் எல்லாவற்றையும் அரங்கம் முழுக்கக் கேட்க வைத்தது: மருந்து பீய்ச்சும் சத்தம், நெஞ்சு விசில், அவள் இழுத்துப் பிடித்த மூச்சு. கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை. பிறகு பட்டாணி இருமினாள். அடக்காமல், விழுங்காமல், நன்றாக வாய்விட்டு இருமினாள்.

மூன்றாவது வரிசையில் ஒரு பிள்ளை இருமியது. அதன் பக்கத்துப் பிள்ளை தும்மியது. அப்புறம் யார் எங்கே என்று சொல்ல முடியவில்லை. பெயிண்ட் நெடியில் உட்கார்ந்து எச்சிலை விழுங்கிக்கொண்டிருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் இரும ஆரம்பித்தார்கள். வருஷக்கணக்கில் பாக்கி வைத்த இருமல் அது. ஆசிரியர்களே இருமினார்கள். விளையாட்டு மாஸ்டர் பலமாக இருமினார்.

தலைமையாசிரியை தளரவில்லை. மைக்கைப் பறித்து, "இருமறவங்க எல்லாம் வரிசையா வெளியே!" என்று ஆணையிட்டார். நல்ல ஒழுக்கமான பிள்ளைகள். வகுப்பு வாரியாக, முன்னால் நிற்பவர் தோளில் கை வைத்து, இருமிக்கொண்டே கேட்டைத் தாண்டிப் போனார்கள். பெஞ்சில் இடம் எங்கே போதும்? ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றார்கள். பெற்றோர்களும் பின்னாலேயே போய்விட்டார்கள். பஸ்கள் ஹாரன் அடித்தன.

அரங்கத்தில் காலி நாற்காலிகள் மட்டும் இருந்தன. அதிகாரி சுற்றிலும் பார்த்தார். "இப்ப உள்ளே நோயாளி யாராவது இருக்காங்களா?"

"ஒரு பிள்ளைகூட இல்லைங்க ஐயா" என்றார் தலைமையாசிரியை. காலடியில் இருந்தவளை அவர் கண் ஒதுக்கிவிட்டது.

"அப்ப சரி" என்று அதிகாரி கேடயத்தைக் கொடுத்தார். போட்டோக்காரர் மட்டும், "கீழே உக்காந்திருக்கறவரு கொஞ்சம் தள்ளிக்குங்க, படத்துல வர்றீங்க" என்றார். அப்பா நகரவில்லை. பிறகு அந்தப் படத்தைப் பள்ளியில் மாட்டியபோது கீழ்ப்பகுதியை வெட்டிவிட்டார்கள். அதனால் அதில் யாருக்கும் கால் கிடையாது.

இரண்டு நாள் கழித்துத் தலைமையாசிரியை அவரைக் கூப்பிட்டனுப்பினார். மகளின் பெயரை எடுத்துவிடுவார்கள் என்று அப்பா தயாராகப் போனார். தலைமையாசிரியையோ சிரித்த முகமாக இருந்தார்.

"ஒரு நல்ல செய்தி. உங்க பொண்ணுக்கு நோயே இல்லேன்னு குழு முடிவு பண்ணியிருக்கு. நோய் இல்லாத பிள்ளைகிட்ட இருக்கறது மருந்தா இருக்க முடியாது. அதனால அது ஒரு கருவி. காம்பஸ், ஸ்கேல் மாதிரி. ஜாமெட்ரி பாக்ஸோட பையில வெச்சுக்கலாம். கிளாஸ்லயே எடுத்துக்கலாம், யாரும் கேக்க மாட்டாங்க."

"மூச்சு வாங்கினா?"

"மூச்சுப் பயிற்சி" என்றார் தலைமையாசிரியை.

இத்தனை மாதமாக அவர் கேட்டது இது ஒன்றைத்தான். கிடைத்துவிட்டது. ஆனால் அந்த அறையை விட்டு வெளியே வந்தபோது, யாரையாவது பளாரென்று அறைய வேண்டும்போல இருந்தது அவருக்கு.

அன்று சாயங்காலம் பட்டாணி தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பை பக்கத்தில் இருந்தது, இன்ஹேலரும் அதற்குள் இருந்தது. அடுப்பில் அம்மா எதையோ வதக்க, புகை கூடத்துக்கு வந்தது. பட்டாணி பென்சிலை வைத்தாள். வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து, வாசல் கதவைத் திறந்து, தெருவில் இறங்கி நின்று இருமினாள்.

அப்பா பின்னாலேயே ஓடினார். "என்னடா, இங்கே எதுக்கு வந்தே?"

"இருமல் வந்துச்சுப்பா."

"அதுக்கு?"

 இதென்ன கேள்வி என்பதுபோல அவள் அவரைப் பார்த்தாள். அவர் அவளை அப்படியே வாரித் தூக்கி உள்ளே கொண்டுவந்து, கதவைச் சாத்தினார். 

"இது நம்ம வீடுடா. இங்கேயே இருமு."

அடுப்பை அணைத்துவிட்டு அம்மா வந்து நின்றாள். பட்டாணி வாயைப் பொத்திய கையை எடுக்காமல், அனுமதி கேட்பதுபோல அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.